நிகழ்தகவுக் கணக்கை வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 10-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ 8-ஆவது பாடம். அதுதான் கடைசி. 11-ஆம் வகுப்பில் நிகழ்தகவு 12-ஆவது பாடம். அதுவும் கடைசி. 12-ஆம் வகுப்பில் நிகழ்தகவுப் பரவல்கள் 11-ஆவது பாடம், அதற்குப் பின் இருப்பது ஒன்றே ஒன்று. திருப்புதல் தேர்வு நெருங்கும் நேரத்தில் எடுக்கப்படும் பாடம் எந்த லட்சணத்தில் நடக்கும் என்று இங்கே படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படி மூன்று முறை ஓட்டமாகத் தாண்டி வந்த பிள்ளைகளுக்குக் கல்லூரியில் பொறியியலோ, பி.காமோ, உளவியலோ, கணினி அறிவியலோ, எதை எடுத்தாலும் ஒரு செமஸ்டர் புள்ளியியல் காத்திருக்கிறது. பலருக்கு முதல் அரியர் அதில்தான்.

சென்னைக் கல்லூரிகளில் இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும். சூத்திரத்தில் எண்களைப் போட்டுக் கணக்கிட மாணவர்களுக்குத் தெரிகிறது. கணக்கின் வாக்கியத்தைப் படித்து, எது நிகழ்ச்சி, எது தெரிந்த தகவல், எதைச் சொல்லாமலே அனுமானித்திருக்கிறார்கள் என்று பிரிக்கத் தெரியவில்லை. அதைப் பழக்க வகுப்பில் நேரம் ஒதுக்குவதில்லை, தேர்வில் மதிப்பெண்ணும் ஒதுக்குவதில்லை.

விளைவைப் பார்த்த பிறகு காரணத்தின் நிகழ்தகவைக் கணக்கிட உதவும் பேயஸ் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். தேற்றத்தை எழுதச் சொன்னால் வகுப்பில் பெரும்பாலோர் அட்சரம் பிசகாமல் எழுதிவிடுவார்கள். அவர்களிடமே இப்படிக் கேட்டுப் பாருங்கள் (எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை). இரவு வாகனச் சோதனையில் ஊதச் சொல்லும் கருவி, குடித்தவர்களில் 95% பேரைச் சரியாகப் பிடிக்கிறது. குடிக்காதவர்களில் 5% பேரையும் தவறாக மாட்டிவிடுகிறது. அந்தச் சாலையில் வண்டி ஓட்டி வருகிறவர்களில் 2% பேர் குடித்திருக்கிறார்கள். ஒருவர் ஊதியதும் கருவி சத்தம் போடுகிறது. அவர் உண்மையிலேயே குடித்திருக்க வாய்ப்பு எவ்வளவு? 95% என்று பளிச்சென்று பதில் வரும். குடித்தவர் மாட்டுவதற்கான நிகழ்தகவைத்தான் கணக்கில் கொடுத்திருக்கிறது. கேட்பதோ, மாட்டியவர் குடித்திருப்பதற்கான நிகழ்தகவு. இரண்டும் தலைகீழ்.

இதற்குச் சூத்திரமே தேவையில்லை. சாலையில் 1000 பேரை நிறுத்துங்கள். குடித்தவர்கள் 20 பேர், அவர்களில் கருவி பிடிப்பது 19 பேரை. குடிக்காதவர்கள் 980 பேர், அவர்களில் 5% என்றால் 49 பேர் வீணாக மாட்டுகிறார்கள். கருவி சத்தம் போட்டது மொத்தம் 68 பேருக்கு. அதில் நிஜமாகக் குடித்தவர்கள் 19. ஆக, வாய்ப்பு ஏறத்தாழ 28%. இதே கருவியைச் சனிக்கிழமை நள்ளிரவில், வருகிறவர்களில் 20% பேர் குடித்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் 190 பேரைச் சரியாகவும் 40 பேரைத் தவறாகவும் பிடிக்கும். 230-இல் 190, அதாவது சுமார் 83%. கருவி அதேதான், வருகிற கூட்டம்தான் வேறு. சூத்திரத்தின் பகுதியில், அதாவது பின்னக் கோட்டுக்குக் கீழே, உட்கார்ந்திருப்பது இந்த 68-உம் 230-உம்தான் என்று இதற்குப் பிறகு சொன்னால், தேற்றம் மறக்காது. மர வரைபடம் போடுகிறவர்கள் கிளைகளில் தசம எண்களை எழுதாமல் ஆட்களின் எண்ணிக்கையை எழுதச் சொல்லலாம். எண்ணிக்கை பின்னமாக வந்தால் 1000-க்குப் பதில் 10,000 பேரை நிறுத்தினால் ஆயிற்று.

அடுத்த குழப்பம் ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’, ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ இரண்டுக்கும் நடுவில். சேர்ந்து நடக்கவே முடியாதவை முதல் வகை. ஒன்று நடந்தது தெரிந்தாலும் மற்றதன் வாய்ப்பு மாறாதவை இரண்டாம் வகை. இரண்டும் ஒன்று என்று எழுதிய தாள் இல்லாத விடைத்தாள் கட்டே கிடையாது. ஒன்றின் நிகழ்தகவு 0.4, மற்றதன் நிகழ்தகவு 0.5 என்றால், விலக்கும் நிகழ்ச்சிகளாக இருக்கும்போது இரண்டில் ஏதேனும் ஒன்று நடக்க 0.9. சார்பிலா நிகழ்ச்சிகளாக இருந்தால் சேர்ந்து நடப்பது 0.2, அதைக் கழித்தால் 0.7. விலக்கும் நிகழ்ச்சிகளில் ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்த மறுகணமே மற்றது நடக்கவே நடக்காது என்று தெரிந்துவிடுகிறது. அதைவிட நெருக்கமான சார்பு வேறென்ன இருக்க முடியும்?

சார்பின்மையைச் சொல்லிக்கொடுக்கச் சென்னையில் நாணயத்தையும் பகடையையும் தேட வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ‘100 ஆண்டுகளுக்கு ஒருமுறை’ என்ற பேச்சு ஊரெங்கும் அடிபட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு தண்ணீர் வந்தபோது, அதற்குள் இன்னொன்றா என்று பலரும் கேட்டார்கள். பொறியாளர்கள் அந்தத் தொடரைப் பயன்படுத்தும்போது சொல்வது, எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் அந்த அளவை வெள்ளம் எட்டவோ தாண்டவோ 1% வாய்ப்பு இருக்கிறது என்பதைத்தான். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த 99 ஆண்டுகள் தூங்கலாம் என்று அதில் எங்கும் இல்லை.

வேளச்சேரியில் 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்குகிற ஒருவர், கடன் அடைவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க வாய்ப்பு எவ்வளவு? ‘ஒருமுறையாவது’ என்று கணக்கில் கண்டால், ஒருமுறைகூட வராமலிருக்கும் நிகழ்தகவைக் கண்டுபிடித்து 1-இலிருந்து கழிக்க வேண்டும். 0.99-ஐ 30 முறை பெருக்கினால் 0.74. கழித்தால் 0.26. நாலில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். மாணவர்கள் இதற்கு 30-ஐ 0.01-ஆல் பெருக்கி 0.30 என்று எழுதுவார்கள். அதே வழியில் போனால் 101 ஆண்டுகளுக்கு 1.01 வந்து நிற்கும் என்று காட்டினால் போதும், அப்புறம் எழுத மாட்டார்கள்.

இந்த 0.26-க்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு அதே 1%தான் என்பது ஒன்று. ஓர் ஆண்டில் நடந்தது அடுத்த ஆண்டைப் பாதிக்காது என்பது இன்னொன்று. கடல் வெப்பம் கூடி, வெள்ளம் வடியும் கால்வாய்கள் அடைபட்டு, சதுப்பு நிலம் சுருங்கி, அந்த 1% என்பது 3% ஆகிவிட்டால் 30 ஆண்டு விடை 0.60-க்குத் தாவுகிறது. அனுமானத்தை எழுதச் சொல்வது சம்பிரதாயம் என்று நினைக்கிற மாணவருக்கு இந்த 0.26-ஐயும் 0.60-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

ஒரு நிகழ்ச்சி எத்தனை முறை நடக்கும் என்று எண்ணும் பாய்சான், ஈருறுப்புப் பரவல்களில் போகிற மதிப்பெண்ணில் பெரும்பங்கு, எந்த எண்ணிலிருந்து எண்ணுவது என்ற எல்லையில் போகிறது. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2 அழைப்புகள் வரும் இடத்தில், 3 அல்லது அதற்கு மேல் வர நிகழ்தகவு 0.32. 3-க்கு மேல் வர 0.14. பாதிக்கும் குறைந்துவிட்டது. 0, 1, 2, 3, 4 என்று ஒரு வரி எழுதி, வேண்டிய எண்களைச் சுற்றி வட்டம் போட்ட பிறகே சூத்திரத்தைத் தொட வேண்டும். மணி வளைவாக வரையப்படும் இயல்நிலைப் பரவலில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே சரியாக ஒரே ஒரு புள்ளியில் விழும் நிகழ்தகவு பூஜ்யம் என்பதால் ‘மேல்’ என்றாலும் ‘அல்லது மேல்’ என்றாலும் விடை ஒன்றே.

ஆனால் இயல்நிலைப் பரவலுக்கு வேறு தொல்லை: வளைவின் கீழுள்ள பரப்பைத் தரும் டேபிள். புத்தகத்துக்குப் புத்தகம் மூன்று விதமாக அச்சாகிறது. இசட் 1.25 என்ற இடத்தில், அதாவது சராசரியிலிருந்து 1.25 திட்ட விலக்கம் தள்ளி (எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவே திட்ட விலக்கம்), ஒன்றில் 0.3944 இருக்கும் (நடுவிலிருந்து அந்தப் புள்ளி வரை உள்ள பரப்பு), இன்னொன்றில் 0.8944 (இடது கோடியிலிருந்து), மூன்றாவதில் 0.1056 (வலப்பக்க வால்). வீட்டில் ஒரு டேபிளில் பழகிவிட்டுத் தேர்வில் வேறொரு டேபிளைக் கையில் வாங்குகிறவர் கதை என்ன ஆகும்? ஒரு கணக்கு: 500 மில்லி என்று அச்சிட்ட பால் பாக்கெட்டில் சராசரியாக 502 மில்லி நிரம்புகிறது, திட்ட விலக்கம் 1.6 மில்லி. 500-க்குக் குறைவாக இருக்கும் பாக்கெட்டுகள் எத்தனை சதவீதம்? 500 கழித்தல் 502, அதை 1.6-ஆல் வகுத்தால் −1.25. சரியான விடை 10.56%.

டேபிளில் கண்ட 0.8944-ஐ அப்படியே எழுதுகிறவர், நடுப்புள்ளியே 502-இல் இருக்கும்போது பாதிக்கு மேற்பட்ட பாக்கெட்டுகள் 500-க்குக் கீழே போக முடியாது என்று யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். 0.3944 எழுதுகிறவரை அவ்வளவு எளிதில் பிடிக்க முடியாது, அதுவும் பாதிக்குக் குறைவுதான். சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் கீழே போனாலே மிச்சம் 16%தான் என்ற ஒரு விஷயம் மனத்தில் இருந்தால், 1.25 திட்ட விலக்கம் கீழே போன பிறகு 39% இருக்க வழியில்லை என்று தெரியும். மணி வளைவை வரைந்து, 502, 500 இரண்டையும் குறித்து, கேட்ட பகுதியில் கோடு போட அரை நிமிடம் ஆகும். அந்தப் படத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் யாரும் வரைவதில்லை.

கால்குலேட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் கையில் இருப்பது காசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ். அதில் மோட் பொத்தானை இருமுறை அழுத்தி 1 என்று கொடுத்தால் எஸ்.டி. (திட்ட விலக்கக் கணக்கு) நிலைக்குப் போகும். அடுத்த வேலை எண்களைத் தட்டுவது அன்று. ஷிஃப்ட், சி.எல்.ஆர்., 1, சமக்குறி என்று அழுத்தி, பழைய கணக்கின் எண்களை அழிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முந்தைய கணக்கின் எண்களும் இந்தக் கணக்கோடு சேர்ந்துகொள்ளும். கருவி ஒரு எச்சரிக்கையும் தராது. ஒவ்வோர் எண்ணுக்கும் பின் எம்+ அழுத்தும்போது திரையில் இதுவரை எத்தனை எண்கள் ஏறின என்று காட்டும். கடைசி எண்ணை ஏற்றியதும் அந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 5 எண்கள் உள்ள கணக்கில் 17 காட்டினால் அழிக்கவில்லை என்று பொருள், 6 காட்டினால் எம்+ இருமுறை அழுந்திவிட்டது.

அதன்பின் ஷிஃப்ட், 2, 1 என்றால் சராசரி. ஷிஃப்ட், 2, 2 என்றால் எண்ணிக்கையால் வகுத்த திட்ட விலக்கம். ஷிஃப்ட், 2, 3 என்றால் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தது. மூன்றுக்கும் இறுதியில் சமக்குறி. 4, 8, 6, 5, 7 என்ற எண்களுக்குச் சராசரி 6, முதல் திட்ட விலக்கம் 1.414, இரண்டாவது 1.581. கையில் இருப்பவைதான் முழுத் தொகுதி என்றால் முதலாவது. ஒரு மாதிரியை வைத்துப் பெரிய தொகுதியை மதிப்பிடுகிறோம் என்றால் இரண்டாவது. எக்செல்லில் இவை முறையே ஸ்டிடெவ்.பி, ஸ்டிடெவ்.எஸ். ஏன் ஒன்று குறைகிறது? சராசரியிலிருந்து விலக்கங்களை எழுதிப் பாருங்கள்: −2, 2, 0, −1, 1. கூட்டினால் எப்போதும் பூஜ்யம். நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானே வந்துவிடும். சுதந்திரமாக நிற்கும் தகவல் நான்குதான்.

திட்ட விலக்கமும் திட்டப் பிழையும் ஒன்றாகிப் போவது அடுத்தது. முதலாவது தனித்தனி எண்களின் சிதறல். இரண்டாவது, மாதிரிக்கு மாதிரி சராசரி மாறும் அளவு; திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒரு நிறுத்தத்தில் 36 பயணிகளிடம் காத்திருந்த நேரம் கேட்டதில் சராசரி 12 நிமிடம், திட்ட விலக்கம் 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 36-இன் வர்க்கமூலம் 6. எனவே திட்டப் பிழை 1 நிமிடம். சராசரிக்கு இரு பக்கமும் 1.96 திட்டப் பிழை போனால், 95% நம்பிக்கை இடைவெளி 10.04 முதல் 13.96 வரை. இதுவரை எல்லோரும் சரியாகப் போடுவார்கள். ‘இதன் பொருளை எழுதுக’ என்றால், 95% பயணிகள் 10 முதல் 14 நிமிடம் காத்திருக்கிறார்கள் என்று எழுதுகிறார்கள். திட்ட விலக்கமே 6 நிமிடம் என்கிறபோது, பலர் 6 நிமிடத்துக்குள் ஏறியிருப்பார்கள், சிலர் 20 நிமிடம் நின்றிருப்பார்கள். இடைவெளி பேசுவது சராசரியைப் பற்றி மட்டும். இதே போல் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து இடைவெளி கண்டால், நூற்றில் 95 இடைவெளிகளுக்குள் உண்மையான சராசரி அகப்படும் என்பதே அந்த 95. திட்டப் பிழையைப் பாதியாக்க இன்னும் 36 பேரைக் கேட்டால் போதாது, மொத்தம் 144 பேர் வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் இன்னொரு நல்ல பாடமும் இருக்கிறது. பேருந்துகள் ஒருமுறை 5 நிமிடத்திலும் மறுமுறை 15 நிமிடத்திலுமாக மாறி மாறி வருகின்றன என்று கொள்வோம். சராசரி இடைவெளி 10 நிமிடம். அப்படியானால் சராசரியாக 5 நிமிடம் காத்திருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்கு வருகிறவர், 15 நிமிட இடைவெளிக்குள் வந்து விழ வாய்ப்பு முக்கால் பங்கு, ஏனென்றால் 20 நிமிடத்தில் 15 நிமிடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. கணக்கிட்டால் சராசரிக் காத்திருப்பு 6.25 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து விடுகிறோம் என்று சொல்லும் கால அட்டவணையும் உண்மை, பயணியின் புலம்பலும் உண்மை.

கருதுகோள் சோதனையில் பி-மதிப்பு 0.03 என்று வந்தால், இன்மைக் கருதுகோள் (வித்தியாசம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வது) உண்மையாக இருக்க 3% வாய்ப்பு என்று எழுதுகிறார்கள். ஊதும் கருவிக் கணக்கில் செய்த அதே தலைகீழ்த் தவறு இது. இன்மைக் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிட விலகிய தரவு கிடைக்க 3% வாய்ப்பு என்பதே சரி. எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை வர்க்கச் (chi-square) சோதனையில் நடப்பது வேறு மாதிரி. 20 மாணவர்களில் 12 பேர், 20 மாணவிகளில் 8 பேர் மெட்ரோவில் வருகிறார்கள். எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் விடை 1.6. 5% மட்டத்தில் தாண்ட வேண்டிய எல்லை 3.84, ஆக வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது. அழகாக இருக்கட்டும் என்று மெட்ரோவில் வருகிற, வராத மாணவர், மாணவிகளை மொத்தம் 40 பேரின் சதவீதமாக 30%, 20%, 20%, 30% என மாற்றி அதே சூத்திரத்தில் போட்டால் 4.0 வருகிறது, வித்தியாசம் இருப்பதாக முடிவாகிவிடுகிறது. 40 பேரை 100 பேராகக் காட்டியதன் பலன். சதவீதத்தை அந்தச் சூத்திரத்துக்குள் விடவே கூடாது.

புராஜெக்டுக்கு மாணவர்கள் தரவு தேடி அலைகிறார்கள். சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. வானிலை ஆய்வு மையம் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழை அளவைத் தருகிறது. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கவனம் வேண்டும். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 செ.மீ. என்று கொண்டால் ஒரு நாள் சராசரி 3.8 மி.மீ. ஆனால் ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் மழையே கிடையாது, ஆகவே இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) பூஜ்யம். இந்தத் தரவின் மேல் மணி வளைவைப் போர்த்தினால் அபத்தம்தான் மிஞ்சும்.

ஏரியில் சிக்கல் இன்னும் நுட்பம். முழுக் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி உள்ள செம்பரம்பாக்கத்தில் இன்றைய இருப்பு நேற்றைய இருப்பை ஒட்டியே இருக்கும். 30 நாள் இருப்பை எழுதிக்கொண்டு 30-இன் வர்க்கமூலத்தால் வகுத்துத் திட்டப் பிழை காண்பது செல்லாது. பார்ப்பதற்கு 30 எண்கள், தகவலோ அதில் சிறு பங்குதான். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 இருப்பை எடுத்து ஒப்பிட்டால் நிலைமை ஓரளவு தேவலை. இருப்பை விட்டுவிட்டு நாளுக்கு நாள் ஏறி இறங்கிய அளவை எடுப்பது இன்னொரு வழி. ஆனால் மழைக்காலத்தில் நீர்வரத்து தொடர்ந்து சில நாள் நீடிக்கும் என்பதால் அதுவும் முற்றிலும் சார்பற்றதாகாது. இதை ஒரு மாணவர் தானாகக் கண்டுபிடித்து எழுதினால், கணக்கு முடியாவிட்டாலும் நாங்கள் முழு இன்டர்னல் மதிப்பெண் போடுவோம்.

பாடத்திட்டக் குழுக்களுக்கும் வினாத்தாள் எடுப்பவர்களுக்கும் சில கோரிக்கைகள். திட்ட விலக்கத்துக்கு நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என நான்கு முறைகளைப் பள்ளியிலேயே நடத்துகிறார்கள். நான்கிலும் விடை ஒன்றே. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பெருக்கலைக் குறைக்க வந்தவை அவை. கல்லூரியில் அவற்றைத் திரும்ப நடத்துவதை விட்டுவிட்டு, அந்த வகுப்புகளில் கணக்கைப் போடாமல் படிக்க மட்டும் வைக்கலாம்: பத்துக் கணக்குகளைக் கொடுத்து, எந்தப் பரவல், என்ன அனுமானம், எது கேட்கப்பட்டது என்று மட்டும் எழுதச் சொல்லலாம். சூத்திரத் தாளைத் தேர்வறையிலேயே கொடுத்துவிடலாம், மனப்பாடம் செய்யும் இரவுகள் மிச்சமாகும். 10 மதிப்பெண் வினாவில் நிகழ்ச்சியையும் அனுமானத்தையும் எழுதியதற்கு 3, கணக்குக்கு 5, விடையை ஒரு வாக்கியத்தில் சொன்னதற்கு 2 என்று பிரிக்கலாம். செலவே இல்லாத வேலை ஒன்றும் பாக்கி இருக்கிறது: தேர்வறையில் தரும் இயல்நிலை டேபிளின் தலைப்பில், அந்த எண்கள் வளைவின் எந்தப் பகுதியைக் குறிக்கின்றன என்று கோடு போட்ட ஒரு சிறு படத்தை அச்சிட வேண்டும். அடுத்த செமஸ்டருக்குள் செய்துவிடக் கூடியது அது.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர்கள் சிலர்,
சென்னை.